சுபாஷ் சந்திர போஸ் பயின்ற இரண்டாம் கல்லூரி

எமது ஊர் மந்தாரக்குப்பம். நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளையும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் அன்றாடம் கண்டு, பழுப்பு நிலக்கரியை நம்பி வாழும் அவ்வூரில் பள்ளிப் படிப்பை முடித்த நாளில், எம் உள்ளம் ஒரே ஒரு கல்லூரியையே நாடி நின்றது. அதன் பெயரை ஈண்டுக் கூற வேண்டுவதில்லை. பழம்பெருமை வாய்ந்தது, தமிழ்ப் பேரறிஞர் பலர் நடமாடிய இடம் என்று எம் பள்ளியாசிரியர் பலகாலும் கூறக் கேட்டிருந்தோம். அதன் சேர்க்கைப் பட்டியலில் எம் பெயர் இல்லை. இரண்டாம் பட்டியலிலும் இல்லை. மூன்றாம் பட்டியல் வெளிவருமுன்னரே தந்தையார் எம்மை இவண் கொணர்ந்து சேர்த்துவிட்டார். சேர்ந்த பின்னரும் ஒரு திங்கள் வரையில், விடுதியில் விளக்கணைந்த பிறகு கைப்பேசியைப் போர்வைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு அப்பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்துக் கிடந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். மூன்று மதிப்பெண்களே குறைவு.

இந்நிலையில் எம் கைக்குக் கிட்டியது நூலகத்தில் இருந்த ஒரு வாழ்க்கை வரலாறு. நேதாஜி என்று நாடு போற்றும் சுபாஷ் சந்திர போஸ், 1937-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆஸ்திரியா நாட்டுப் பாத்காஸ்டைன் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, ஏறத்தாழப் பத்தே நாட்களில் எழுதிய தம் இளமை வரலாறு அது. படை உடையில், மூக்குக் கண்ணாடியுடன், கையுயர்த்தி நிற்கும் படத்தில் அவரை யாவரும் அறிவோம். எம் ஊர்ச் சலவைக் கடையிலும் அப்படம் தொங்குகின்றது. ஆனால், அவர் நம் கல்லூரியை ஒத்த ஒரு மிஷன் கல்லூரியின் மாணவர் என்பதையும், அக்கல்லூரி அவர் முதலில் விரும்பிச் சேர்ந்த கல்லூரியன்று என்பதையும் யாம் அதுகாறும் அறிந்திலோம். அவ்வரலாற்றை நண்பர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

சுபாஷ் 1897-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஒரிசாவைச் சேர்ந்த கட்டாக் நகரில் பிறந்தார். தந்தையார் ஜானகிநாதர், புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி அம்மையார். பதினான்கு மக்களுள் சுபாஷ் ஒன்பதாமவர். ஐந்து வயதில், 1902-ஆம் ஆண்டில், பாப்டிஸ்டு மிஷனார் நடத்திய ஐரோப்பியப் பள்ளியில் சேர்க்கப்பெற்றார். ஆங்கிலேயச் சிறுவரும் ஆங்கிலோ-இந்தியச் சிறுவருமே மிகுதியாகப் பயின்ற அப்பள்ளியில் இலத்தீனும் விவிலியமும் உண்டு. தாய்மொழியாகிய வங்காளம் இல்லை. ஏழாண்டுகள் கழித்து ராவென்ஷா கல்லூரியைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளிக்கு மாறியபோது, வங்காளத்தில் ஒரு சிறு கட்டுரைதானும் பிழையின்றி எழுதமாட்டாது, வகுப்பினர் அனைவரும் நகைக்க நின்றார். அவ்வாண்டுத் தேர்விலேயே வங்காளத்தில் முதல்வராக வந்தார் என்பது வேறு செய்தி. புதிய இடத்தில் நகைப்புக்கு ஆளாவது அவருக்கு அன்றே பழகியிருந்தது போலும்.

1913-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் இரண்டாமவராகத் தேறினார். அத்தகைய மாணவர் அந்நாளில் நாடுவது ஒரே இடந்தான்: கல்கத்தாப் பிரசிடென்ஸி கல்லூரி. அரசினர் கல்லூரிகளுள் தலையாயது. ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் கற்பித்த இடம். சுபாஷ் அங்குச் சேர்ந்தார். சேர்ந்தாரேயன்றி, நன்கு படித்தார் என்று சொல்லுதற்கில்லை. விவேகானந்தரின் நூல்களில் ஈடுபட்டுத் துறவு நெறியில் உள்ளம் சென்றிருந்த அவர், 1914-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வீட்டாருக்கும் கூறாமல் நண்பர் ஒருவருடன் புறப்பட்டு, ஹரித்துவாரம், பிருந்தாவனம், காசி என்று குருவைத் தேடி அலைந்து, குருவைக் காணாது திரும்பிக் காய்ச்சலில் விழுந்தார். 1915-இல் இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்புப் பெற்றாராயினும் முன்னைய சிறப்பு இல்லை. இனியேனும் படிப்போம் என்று உறுதி கொண்டு, தத்துவத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பி.ஏ. வகுப்பில் அமர்ந்தார். அவ்வுறுதி நிறைவேறுமுன் பூகம்பம் வந்தது.

1916 ஜனவரியில், வரலாற்றுப் பேராசிரியராகிய ஓட்டன் என்னும் ஆங்கிலேயர், தம் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அரவம் செய்த மாணவர் சிலரைப் பிடித்துத் தள்ளினார். சுபாஷ் வகுப்புப் பிரதிநிதி. அவர் முதல்வர் ஜேம்ஸிடம் முறையிட்டார்; பயனில்லை. மறுநாள் கல்லூரி முழுதும் மாணவர் வகுப்புகளுக்குச் செல்லாது நின்றனர். அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் ஓட்டன் மாணவரோடு இணக்கமுற, வகுப்புகள் மீண்டும் தொடங்கின; அபராதம் மட்டும் நீங்கவில்லை. பிப்ரவரித் திங்களில் அவர் மீண்டும் ஒரு மாணவர்மேல் கைவைத்தார் என்ற செய்தி பரவவே, மாணவர் கூட்டமொன்று அவரைச் சூழ்ந்து அடித்துவிட்டு ஓடிற்று. ஓடியவருள் சுபாஷும் ஒருவர் என்று கல்லூரிச் சேவகர் ஒருவர் அடையாளம் காட்டினார். தாம் அந்நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டவர் என்ற அளவில் சுபாஷ் தம் நூலில் எழுதுகின்றார்.

அரசினர் கல்லூரியை மூடி, ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தனர். குழு கூடுமுன்னரே முதல்வர் ஜேம்ஸ், கல்லூரியிலேயே தொல்லை மிக்கவர் இவர் என்று கூறிச் சுபாஷை நீக்கினார். சுபாஷ் அதற்கு நன்றி கூறி வெளிவந்தார்! அதே முதல்வர், அரசாங்கத்து உறுப்பினர் ஒருவரோடு பிணங்கி, அடுத்துத் தாமும் பதவியினின்று நிறுத்தப்பட்டார் என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

குழுவின் முன் நிகழ்ந்ததே யாம் பலகால் எண்ணிப் பார்த்த பகுதி. ஆசிரியரை அடித்தது சரியா என்று வினவினர். சரியன்று என்று சுருங்கக் கூறித் தலைதாழ்த்தியிருந்தால் ஒருகால் மன்னிப்புக் கிட்டியிருக்கும். சுபாஷ் அவ்வாறு கூறினாரல்லர். அடித்தது முறையன்று எனினும், மாணவர் மிகவும் சினமூட்டப்பட்டே அது செய்தனர் என்று சொல்லி, கடந்த பல ஆண்டுகளில் அக்கல்லூரியில் ஆங்கிலேய ஆசிரியர் சிலர் நடந்துகொண்ட முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தண்டனை உறுதியாயிற்று. வேறு கல்லூரியிலேனும் படிக்க அனுமதி வேண்டினார்; பல்கலைக்கழகம் அதனையும் மறுத்தது. ஆசிரியர்மேல் கைநீட்டுதலை யாம் ஒருநாளும் ஒப்புவோமல்லோம். ஆயினும், தம்மைக் காத்துக்கொள்ளும் ஒரு சொல் எளிதிற் கிட்டியிருக்கவும் அதனைச் சொல்லாது விட்டவரைக் குறைகூற எமக்கு வாய் எழவில்லை.

வீட்டார் அவரைக் கட்டாக்கிற்கு அனுப்பினர். இரவில் புகைவண்டிப் பலகையில் படுத்தபடியே கடந்த திங்கள்களை எண்ணிப் பார்த்தவருக்குப் படிப்பு முடிந்தது, எதிர்காலம் இருண்டது என்பது தெளிவாகவே தெரிந்தது. எனினும் வருத்தம் தோன்றவில்லை; ஒருவகை நிறைவும் மகிழ்ச்சியுமே தோன்றின என்று அவர் எழுதியுள்ளார். இப்பகுதியைப் படித்தபோது எமக்குச் சிறிது சினமே உண்டாயிற்று. நீதிக்காகப் பேசி நீக்கப்பட்டவர் நிமிர்ந்து செல்லலாம். மூன்று மதிப்பெண் குறைந்தவன் எதனைக்கொண்டு நிமிர்வது? நூலை மூடி வைத்துவிட்டோம். மறுவாரம் அதனைத் திருப்பிக் கொடுக்கச் சென்றவிடத்தில்தான், எஞ்சிய பக்கங்களைப் புரட்டினோம். எமக்குரிய பகுதி அதன் பின்னரே இருந்தது.

கட்டாக்கில் ஓராண்டு. செய்வதற்கு ஒன்றுமில்லை. கல்கத்தாவில் உடன் பயின்றோர் தேர்வை நோக்கிப் படித்துக்கொண்டிருக்க, இவர் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு வாந்திபேதியாலும் பெரியம்மையாலும் வருந்துவோர்க்குப் பணிவிடை செய்தார். தாழ்ந்த குலத்தவர் என்று பிறரால் ஒதுக்கப்பட்ட மாணவர் ஒருவர் நோயுற்றபோது அவரையும் பேணினார். தம் தாயார் அதற்குத் தடை கூறாதது அவருக்கே வியப்பாயிருந்தது. ஓராண்டு கழிந்தபின் கல்கத்தாவுக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தார் மனம் இரங்குவரோ என்று முயன்று காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில் இன்னொரு கதவையும் தட்டினார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 49-ஆம் வங்காளப் படைப்பிரிவுக்கு ஆள் சேர்த்தனர். சுபாஷ் சென்று உடற்பரிசோதனைக்கு நின்றார். எல்லாவற்றிலும் தேறினார், கண்பார்வை மட்டும் போதாது என்று மறுத்துவிட்டனர். நண்பர்களே, இதில் நீதியும் இல்லை, அநீதியும் இல்லை. பெருமிதம் கொள்ளுதற்கும் ஏதுமில்லை. ஓர் அளவுகோல் இருந்தது. அதற்கு இவர் கண்கள் எட்டவில்லை. அவ்வளவே. முன்னே யாம் கொண்ட சினம் இவ்விடத்தில் தணிந்தது என்று சொல்லவேண்டும். எம்மைப் போன்றோருக்கு நேர்வது இவ்வகை மறுப்பே.

பின்னர், ஏதேனும் ஒரு கல்லூரி ஏற்குமாயின் பல்கலைக்கழகம் தடை சொல்லாது என்று தெரியவந்தது. வங்கவாசிக் கல்லூரி இடந்தர முன்வந்தது. ஆனால் அங்குத் தத்துவத்தில் சிறப்பு வகுப்பு இல்லை. ஆகவே ஒருநாட் காலையில், எவருடைய பரிந்துரைக் கடிதமும் இன்றி, ஸ்காட்லாந்துத் திருச்சபையார் நடத்திய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரிக்கு நேரே சென்று, தத்துவப் பேராசிரியராகிய டாக்டர் அர்க்கார்ட்டைக் கண்டார். தாம் பிரசிடென்ஸி கல்லூரியினின்று நீக்கப்பட்டவர் என்பதை முதலிலேயே கூறிவிட்டுத் தத்துவச் சிறப்பு வகுப்பில் இடம் வேண்டினார். அர்க்கார்ட் அவரை ஏற இறங்கப் பார்த்து, உளம் இசைந்தார். பழைய கல்லூரியின் புதிய முதல்வருக்கு மறுப்பில்லை என்று ஒரு குறிப்பு மட்டும் கொணருமாறு பணித்தார். தமையனார் சரத் சந்திரர் சென்று அதனை வாங்கித் தந்தார். 1917 ஜூலையில் சுபாஷ் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மறுபடியும் அமர்ந்தார். இரண்டாண்டுகள் போயின.

இக்கல்லூரியைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். அலெக்ஸாண்டர் டஃப் என்னும் ஸ்காட்லாந்துத் தொண்டர் 1830-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கிய பள்ளியே இதன் வித்து. அதே திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்ஸன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது என்பதை நம்மவர் அறிவர். இன்னொரு செய்தி எம்மை மிகவும் மகிழ்வித்தது. சுபாஷ் தம் வழிகாட்டியாகக் கொண்ட விவேகானந்தரும், நரேந்திரநாதர் என்ற மாணவராயிருந்த நாளில் 1880-இல் முதலிற் சேர்ந்தது பிரசிடென்ஸி கல்லூரியே. மறு ஆண்டு அதனை விட்டு வந்து சேர்ந்ததோ இம்மிஷன் கல்லூரியே. அங்கு ஹேஸ்டி என்னும் பேராசிரியர் ஆங்கிலக் கவிதை ஒன்றை விளக்கும்போது தட்சிணேசுவரத்துப் பரமஹம்சரைக் குறிப்பிட்டதால்தான் நரேந்திரர் அப்பெரியாரைப் பற்றி முதலிற் கேள்வியுற்றார் என்று வரலாறு கூறும். தம் மாணவரைக் கோயிற் பூசகர் ஒருவர்பால் செலுத்திய கிறிஸ்தவப் பேராசிரியரை நினைக்குந்தோறும் எமக்கு உவகை மிகுகின்றது.

சுபாஷ் ஆண்டு எங்ஙனம் வாழ்ந்தார்? அவர் நூலில் பிரசிடென்ஸி கல்லூரிக்கு இரண்டு அத்தியாயங்கள் உள. இவ்விரண்டாம் கல்லூரி நாட்களுக்கு ஒரு சிறிய அத்தியாயமே உளது. இஃது எமக்குள்ள குறை. எங்கே அமர்ந்தார், தம்மினும் இரண்டாண்டு இளையவரோடு எவ்வாறு பழகினார், நீக்கப்பட்டவர் இவர் என்று பின்னால் எவரேனும் முணுமுணுத்தனரோ என்றெல்லாம் அறிய விரும்பினோம். அவர் கூறுவன சிலவே. ஒழுங்காகப் படித்தார். அர்க்கார்ட் பண்பும் பரிவும் மிக்கவர் என்று நன்றியோடு குறிக்கின்றார். சிறுவயதில் ஐரோப்பியப் பள்ளியில் உருப்போட்டு வெறுத்த விவிலிய பாடம், அர்க்கார்ட்டின் வகுப்பில் இனிதாயிருந்தது என்கிறார். இவையன்றிச் சொல்லுதற்கு ஒன்றுமில்லாதபடி அந்நாட்கள் அமைதியாகக் கழிந்தன போலும்.

ஒன்று மட்டும் அங்கு அவர் விரிவாகவே எழுதியுள்ளார். அவ்வாண்டில் இந்தியப் பாதுகாப்புப் படையில் பல்கலைக்கழக மாணவர்க்கென்று ஒரு பிரிவு தொடங்கப்பெற்றது. அதில் கண்பார்வை அத்துணைக் கண்டிப்பாகச் சோதிக்கப்படவில்லை. முன்னர் மறுக்கப்பட்டவர் இம்முறை சேர்ந்தார். கிரே என்னும் ஸ்காட்லாந்துக் காப்டன், கரடுமுரடான குரலில் அதட்டி, வங்க மாணவர் படைத்தொழிலுக்கு ஆகார் என்று பிறர் எண்ணியதைப் பொய்யாக்கினார். கூடாரங்களில் நான்கு திங்கள் பயிற்சி. குறி பார்த்துச் சுடுதல், சேற்றில் நடத்தல், காக்கி உடை, வேளைக்கு வேளை ஊதுகுழல். சாதாரண இந்தியர் நுழையவொண்ணாத வில்லியம் கோட்டைக்குள் அணிவகுத்துச் சென்றபோது, நமக்குரியதும் நமக்கு மறுக்கப்பட்டதுமான ஓர் இடத்தில் காலடி வைத்தது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று என்று அவர் கூறுகின்றார். மூன்றாண்டுகட்கு முன் குருவைத் தேடித் துறவியர் காலடியில் அமர்ந்தவர் தோளில் துப்பாக்கி தாங்கி நின்றார். பிரசிடென்ஸி கல்லூரியில் 1917-இலேயே பட்டம் பெற்று வெளியேறியிருந்தால் இப்பயிற்சி அவருக்குக் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

1919-ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் தத்துவத்தில் முதல் வகுப்பும், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடமும் பெற்றார். உளநூல் பயில எம்.ஏ. வகுப்பிற் சேர்ந்திருந்தபோது, இங்கிலாந்து சென்று ஐ.ஸி.எஸ். தேர்வு எழுத ஒப்புவாயா என்று தந்தையார் கேட்டு, முடிவு கூற இருபத்துநான்கு மணி நேரமே அளித்தார். செப்டம்பர் 15-ஆம் நாள் கப்பலேறினார். கேம்பிரிட்ஜை அடைந்தபோது ஆண்டுத் தொடக்கம் கழிந்திருந்தது. எனினும் பிட்ஸ்வில்லியம் ஹாலின் தலைவர் இரங்கி இடமளித்தார். இந்த ஹால், எந்தக் கல்லூரியையும் சேராத மாணவருக்காக ஏற்பட்டது என்பது குறிக்கத்தக்கது. பெரிய கல்லூரிகளின் வாயில்களை நாடோறும் கடந்து சென்று, கல்லூரியற்றோர் கூடத்தில் பதிவு செய்துகொண்டு படித்தார் நம் சுபாஷ். அங்கும் மாணவர் படைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். இந்தியர்க்கு இடமில்லை என்றனர். 1920-இல் ஐ.ஸி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1921 ஏப்ரல் 22-ஆம் நாள் அப்பதவியைத் தாமே துறந்து கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பித் தேசபந்து சித்தரஞ்சன் தாஸரிடம் சேர, தாஸர் அவரைக் கல்கத்தாவிலிருந்த தேசியக் கல்லூரிக்கு முதல்வராக்கினார். ஐந்தாண்டுகட்கு முன் கல்லூரியினின்று நீக்கப்பட்ட மாணவர், இருபத்துநான்காம் வயதில் ஒரு கல்லூரியின் முதல்வர்!

பின்னைய வரலாறு யாவரும் அறிந்தது. மாந்தலைச் சிறை, 1938-லும் 1939-லும் காங்கிரஸ் தலைமை, 1941 ஜனவரியில் காவலைக் கடந்து மறைந்தமை, ஜெர்மனி, நீர்மூழ்கிக் கப்பல், 1943 ஜூலையில் சிங்கப்பூர். ஒருகால் கண்பார்வை போதாதென்று தள்ளப்பட்டவர், அதே மூக்குக் கண்ணாடியோடு இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அவர்முன் அணிவகுத்தவருள் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர்; ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே. அப்படையின் தலைவி சென்னையிலிருந்து சென்ற மருத்துவர் லட்சுமி. 1945 ஆகஸ்டு 18-ஆம் நாள் பார்மோஸாத் தீவில் விமான விபத்தில் சுபாஷ் உயிர் நீத்தார் என்பது அரசினர் ஏற்றுள்ள செய்தி. அதனை நம்ப மறுத்தோர் நெடுங்காலம் இருந்தனர்.

ஓட்டன் என்ன ஆனார் என்று அறிய விரும்புவோர்க்காக ஒன்று கூறுகின்றோம். அவர் நெடுநாள் வாழ்ந்தார். தம் பழைய மாணவர் இறந்தார் என்று கேட்டபின், அவரை நினைந்து ஒரு கவிதை எழுதினார். பகை தொனிக்கும் கவிதையன்று அது, புகழ்க் கவிதையே.

இன்று கல்கத்தாவின் அவ்விரு கல்வி நிலையங்களும் தத்தம் பழைய மாணவர் வரிசையில் சுபாஷ் சந்திர போஸின் பெயரைப் பெருமையுடன் எழுதி வைத்துள்ளன. நீக்கிய கல்லூரியும் எழுதியுள்ளது. ஏற்ற கல்லூரியும் எழுதியுள்ளது.

யாம் இப்போது இரவில் பட்டியல் பார்ப்பதில்லை. இவ்வாண்டுத் தமிழ்ப் பேரவைக்கு எம்மைச் செயலராகத் தேர்ந்தனர், வேலை மிகுதி. ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. விடுமுறைக்கு மந்தாரக்குப்பம் செல்லும் பேருந்து அப்பழைய கல்லூரியின் மதிலை ஒட்டியே செல்லுகின்றது. இன்றும் யாம் மறுபக்கத்துச் சன்னலோரத்திலேயே இடம் பிடிக்கின்றோம்.